மங்கல இசையும் அதன் உழைப்பாளரும்: நாதஸ்வர – தவிற் கலைஞரின் தொழில் வரலாறு பற்றிய சில சிந்தனைகள்

எமது இசை வரலாறு பெரும்பாலும் இராகங்களின் வரலாறாகவோ, சாகித்திய கர்த்தாக்களின் வரலாறாகவோ, இசையைப் புரந்த மன்னர்களின் வரலாறாகவோ எழுதப்பட்டு வந்துள்ளது. இசையை அன்றாடத் தொழிலாகக் கொண்டு, அதனாற் கிடைத்த கூலியில் அடுப்பெரித்த மனிதர் இவ்வரலாறுகளில் இடம்பெறுவது அரிது. ஒரு கலைஞன் எப்பொழுது துயிலெழுந்தான், எத்தனை நாழிகை நின்று வாசித்தான், யாரிடம் எவ்வளவு பெற்றான், எங்கே இருந்து உண்டான் என்னும் வினாக்கள் இசையியலுக்குப் புறம்பானவை எனத் தள்ளப்பட்டன. இவ்வினாக்களுக்கு விடை காணாது இசையின் வடிவ மாற்றங்களைத்தானும் நிறைவாக விளக்கவியலாது என்பது நமது துணிபு. நாதஸ்வர – தவிற் கலைஞரின் வாழ்வை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை இங்கு நோக்குவோம்.

நாதஸ்வரம், தவில், ஒத்து, தாளம் ஆகியன சேர்ந்த குழுவைப் பெரிய மேளம் என வழங்குதல் மரபு. நடனத்துக்குரிய குழு சின்ன மேளம் எனப்பட்டது. பெரிய மேளம் இன்றிச் சுவாமி வீதி வலம் வருவதில்லை, தாலி ஏறுவதுமில்லை. இத்துணை இன்றியமையாத தொழிலைச் செய்தோர் சமூகப் படிநிலையிலே கைகட்டி நிற்க வேண்டியவராயினர். அவரது ஓசை கருவறை வாயில்வரை சென்றது. அவரோ அழைத்தவர் வீட்டுத் திண்ணைக்கு அப்பாற் செல்லவியலாதவராய் இருந்தார். தேவைக்கும் மதிப்புக்கும் இடையிலான இம்முரண்பாடே இக்கலையின் சமூக வரலாற்றை இயக்கிய விசையெனலாம்.

நிலமும் ஊழியமும்

கோயில் இசைஞரின் தொழிலுறவு எத்தகையது என்பதைத் தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகள் தெளிவாக உரைக்கின்றன. முதலாம் இராசராசன் அக்கோயிலுக்கு 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியேற்றி, ஒவ்வொருவருக்கும் ஒரு மனையும் ஆண்டுக்கு நூறு கலம் நெல் வருவாயுள்ள ஒரு பங்கும் அளித்தான். நட்டுவம் செய்தோர்க்கும் கருவி இசைத்தோர்க்கும் இவ்வாறே பங்குகள் வகுக்கப்பட்டன. திருப்பதியம் பாடிய பிடாரர் நாற்பத்தெண்மரும், உடுக்கை வாசிப்போன் ஒருவனும், கொட்டி மத்தளம் வாசிப்போன் ஒருவனுமாக ஐம்பதின்மருக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல் விதிக்கப்பட்டது.

இவற்றினும் முக்கியமானது பங்கின் உரிமை பற்றிய ஏற்பாடாகும். பங்கு பெற்றவர் இறந்தாலோ நாட்டைவிட்டுச் சென்றாலோ அவருக்கு அடுத்த உறவினர் அப்பங்கைப் பெற்று அப்பணியைச் செய்தல் வேண்டும். உறவினர் தகுதியற்றவராயின் தகுதியுடையோர் ஒருவரைக் கொண்டு செய்வித்தல் வேண்டும். நிலத்தின் பயனும் தொழிலின் கடமையும் ஒரே முடிச்சாகக் கட்டப்பட்டுக் குருதி வழியே கையளிக்கப்பட்டமையை இங்குக் காண்கின்றோம். இக்கல்வெட்டுகள் கூறும் கருவிகளும் இன்றைய நாதஸ்வரமும் ஒன்றெனக் கூறுவது எமது நோக்கமன்று. மானிய நிலமும் பரம்பரை ஊழியமும் பிணைந்த இச்சட்டகம் பின்னைய நூற்றாண்டுகளிலும் நிலைத்தது என்பதே கருதத்தக்கது. இச்சட்டகம் கலைஞனுக்குப் பசியின்மையை உறுதி செய்தது. தொழிலை விட்டு நீங்கும் உரிமையை மறுத்தது. மகன் தந்தையிடம் ஏழெட்டு வயதிற் சீவாளியைப் பெற்றமைக்குக் கலைப்பற்று மாத்திரம் காரணமன்று.

ஒரு நாளின் உழைப்பு

கோயிலிற் பணிபுரிந்த கலைஞனின் நாளைப் பூசைக் காலங்களே வகுத்தன. விடியுமுன் திருப்பள்ளியெழுச்சி, பின்னர் காலசந்தி, உச்சிக்காலம், சாயரட்சை, இறுதியாக அர்த்தசாமம் என அவனது கடமைகள் நாள் முழுவதும் சிதறிக் கிடந்தன. விடியலிற் பூபாளமும் பள்ளியறையில் நீலாம்பரியும் எனக் காலத்துக்குரிய இராகங்கள் வகுக்கப்பட்டிருந்தமையை இரசனை நோக்கில் மாத்திரம் விளக்குவர். அதனை ஒரு வேலை நேர அட்டவணையாகவும் நாம் வாசிக்கலாம். பூபாளம் வாசித்தவனே நீலாம்பரியும் வாசித்தான். இடைப்பட்ட பொழுதில் அவன் கோயிலை விட்டுத் தொலைவு செல்லவியலாது.

திருவிழாக் காலத்தில் இவ்வுழைப்புப் பன்மடங்காகும். சுவாமி புறப்பாட்டிற் கம்பீர நாட்டையில் மல்லாரி தொடங்கும். சொற்களற்ற இவ்வுருப்படி நடையை மையமாகக் கொண்டது. சுவாமி தூக்குவோரின் அடிவைப்புக்கு இயைந்தது. வீதியின் ஒவ்வொரு சந்தியிலும் நின்று இராக ஆலாபனை நிகழும். இரவு முழுதும் ஒரே இராகத்தை விரித்தமை பற்றி வியந்து பேசுகின்றோம். அவ்விரிவு நிகழ்ந்தபோது கலைஞன் நின்றுகொண்டிருந்தான் என்பதையும், தவில் அவனது துணைவனின் தோளில் வாரினால் தொங்கிக்கொண்டிருந்தது என்பதையும் மறந்துவிடுகின்றோம்.

வாசிப்புக்கு வெளியேயும் வேலை இருந்தது. நாணலை வெட்டிப் பதப்படுத்திச் சீவாளி செய்தல், அதனை ஈரமும் வெப்பமும் கெடுக்காது பேணுதல், பலாமரக் கூட்டில் அமைந்த தவிலின் வாரை இறுக்குதல், வலக்கை விரல்களுக்குரிய கூடுகளைப் பசையிட்டு உலர்த்துதல் ஆகியன நாடோறும் செய்யப்பட்டவை. சாதகம் எனப்படும் பயிற்சியும் கூலியற்ற உழைப்பே.

திருமண வீட்டிலோ வேறொரு நிலைமை. தாலி கட்டும் கணத்திற் கெட்டிமேளம் முழங்குவது தீய ஓசை எதுவும் செவியில் விழாதிருத்தற் பொருட்டு என்பது வழக்கிலுள்ள விளக்கமாகும். சடங்கிலே கலைஞன் மிக வேண்டப்படும் இக்கணமே அவனது இசையை ஒருவரும் கேளாத கணமுமாகும். அங்கு வேண்டப்பட்டது ஓசை, கலை அன்று. பின்னர் பந்தியில் அவனுக்குரிய இடம் தனியே ஒதுக்கப்பட்டது.

யாழ்ப்பாணத்தின் தனித்தன்மை

யாழ்ப்பாணத்தில் இவ்வுறவு தஞ்சையினின்றும் வேறுபட்ட வழியில் வளர்ந்தது. போர்த்துக்கேயர் ஆட்சியிற் கோயில்கள் இடிக்கப்பட்டன. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் 1621இல் தரைமட்டமாயிற்று. ஒல்லாந்தர் காலப் பிற்பகுதியிலும் ஆங்கிலேயர் காலத்திலும் மீண்டெழுந்த கோயில்கள் பெரும்பாலும் குடும்பங்களின் நிருவாகத்திலும் உபயகாரரின் செலவிலும் இயங்கின. அரச மானியம் பெற்ற பெருங்கோயிற் பொருளாதாரம் இங்கு இல்லாமையால், மேளகாரர் திருவிழாவுக்குத் திருவிழா பேசிப் பொருந்தும் தொழிலாளராக ஒப்பீட்டளவில் முன்னதாகவே மாறினர் எனக் கருத இடமுண்டு.

பத்து நாள், பதினைந்து நாள், நல்லூரிற்போல் இருபத்தைந்து நாள் நடைபெறும் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஓர் உபயகாரருக்குரியது. புகையிலை வணிகத்தாலும், அரசாங்க உத்தியோகத்தாலும், மலாயாப் பென்சனாலும் வந்த பணம் திருவிழாக்களில் மதிப்புத் தேடிற்று. முதல் நாட்காரர் இரண்டு கூட்டம் மேளம் பிடித்தால் அடுத்த நாட்காரர் நான்கு கூட்டம் பிடிப்பார். தஞ்சையிலிருந்தும் வித்துவான்கள் வரவழைக்கப்படுவர். உபயகாரரின் போட்டி வீதியில் மேளச் சமாவாக வெளிப்பட்டது. ஆறுமுக நாவலர் (1822–1879) கோயில்களில் நிகழ்ந்த சின்னமேளத்தைக் கடுமையாகக் கண்டித்தார். பெரிய மேளமோ எதிர்ப்பின்றி வளர்ந்தது.

இச்சூழலின் விளைவு இருவகைப்பட்டது. இரவிரவாக நிகழ்ந்த சமாக்கள் தவிலின் இலய நுட்பத்தை உச்சத்துக்கு இட்டுச் சென்றன. 1933இல் இணுவிலிற் பிறந்து 1975இல் மறைந்த தவில்மேதை தெட்சணாமூர்த்தி தமிழகத்தின் முன்னணி நாதஸ்வர வித்துவான்களோடு வாசித்துப் பெரும்புகழ் ஈட்டியமை இப்பின்னணியில் விளங்கிக்கொள்ளப்படல் வேண்டும். அளவெட்டி என். கே. பத்மநாதன், சாவகச்சேரி பஞ்சாபிகேசன் முதலிய நாதஸ்வரக் கலைஞரும் இம்மண்ணின் பயிற்சிக்களத்திற் சிறந்தோரே. மறுபுறத்தில், திருவிழாப் பருவம் கழிந்த மாதங்களில் வருவாய் அருகிற்று. குழுவுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு இருந்தது. அச்சாரம் வாங்கியவர் தலைமை வித்துவான். ஒத்து ஊதியவரும் தாளம் போட்டவரும் அவர் பிரித்துக் கொடுத்ததைப் பெற்றனர். பொன்னாடையும் பதக்கமும் பட்டமும் தலைவரையே சேர்ந்தன. அவற்றுட் பலவும் கூலிக்கு மேலாக அன்றிக் கூலிக்கு ஈடாகவே வழங்கப்பட்டன என்பதும் மனங்கொளத்தக்கது.

வீதியிலிருந்து மேடைக்கு

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இசைத்தட்டு, வானொலி, ஒலிபெருக்கி, சபா ஆகியன புதிய சந்தையை உருவாக்கின. கொழும்பில் 1925இலும் திருச்சியில் 1939இலும் வானொலி நிலையங்கள் தொடங்கின. இரவு முழுவதும் விரிந்த இராகம் இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்குரிய மூன்று நான்கு நிமிடங்களுள் அடங்க வேண்டியதாயிற்று. ஆயினும் கேட்போனுக்கும் கலைஞனுக்கும் இடையில் அதுவரை நின்ற வீதி ஒழுங்கு இங்கு இல்லை. வானொலியிற் கேட்போன் கலைஞன் எங்கு நிற்கிறான், மேலாடை அணிந்துள்ளானா என்பதைக் காணான்.

இம்மாற்றத்தின் குறியீடாக நிற்பவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). தோடி இராகத்தால் இசைத்தட்டு வழியே புகழ்பெற்ற அவர், வாய்ப்பாட்டுக்காரர்போல் மேடையில் அமர்ந்து வாசிக்கும் உரிமையை வற்புறுத்தினார், குடுமியைக் களைந்தார், நீண்ட அங்கி அணிந்தார். இவற்றைத் தனிமனிதச் செருக்கென்று கூறுவோர், இடுப்பிற் கட்டிய துண்டு எதனைக் குறித்தது என்பதை எண்ணுவதில்லை. அவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியின் கைத்திறத்தோடு நீளமான பாரி நாதஸ்வரத்தை நிலைபெறச் செய்தமை இன்னும் ஆழ்ந்து நோக்கற்பாலது. முன்னைய திமிரி நாதஸ்வரம் குறுகியது, உயர்ந்த சுருதியுடையது, திறந்த வீதியில் நெடுந்தொலைவு செல்லவல்லது. பாரியின் தாழ்ந்த சுருதி வாய்ப்பாட்டுக்கு அண்மையது. சுத்த மத்திமத்தைச் செவ்வையாகத் தரவல்லது. மேடையும் ஒலிபெருக்கியும் வந்தபின் தொலைவு செல்லும் உரப்பு முதன்மைத் தேவையாக இருக்கவில்லை. ஆகவே கருவியின் நீளத்தில் நிகழ்ந்த இம்மாற்றத்தைத் தொழிற்களம் மாறியதன் பதிவாகவும் கொள்ளல் தகும். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. பழைய ஆச்சா மரத்தைக் கடைந்து அதனை உருவாக்கும் ஆசாரிமாரின் உழைப்பும் இவ்வரலாற்றின் பகுதியே.

சந்தை அளித்த விடுதலை எல்லோருக்கும் ஒருபடித்தாகக் கிட்டவில்லை. ஒருவரின் இசைத்தட்டு ஆயிரம் வீடுகளிற் சுழன்றபோது, ஊர்க்கோயிலில் வாசித்தவர் அவ்விசைத்தட்டோடு ஒப்பிடப்பட்டார். தேவதாசி முறையை ஒழிக்கச் சென்னை மாகாணத்தில் 1947இல் நிறைவேறிய சட்டம் பெண்களை ஓர் இழிவினின்று மீட்டது. அதே காலப்பகுதியில் அக்குலத்து ஆண்கள் இசை வேளாளர் என்னும் புதிய பெயருடன் பெரிய மேளத்தைத் தொடர, பெண்களின் மரபுவழிக் கலைத்தொழில் அவர்கள் கையினின்று நழுவிற்று. பெரிய மேளத்திலேயே பெயர்பெற்ற மதுரை எம். எஸ். பொன்னுத்தாயின் நாதஸ்வரம், அவர் கணவரை இழந்தபின் மேடையினின்று விலகிற்று. மங்கலம் என்னும் கருத்து இசையைக் காத்ததுபோலவே இசைத்தவரைத் தண்டிக்கவும் வல்லது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. மறுதலையாக, இஸ்லாமியரான ஷேக் சின்ன மௌலானா (1924–1999) திருவரங்கத்தில் வாழ்ந்து இக்கலையின் முதன்மையாளராக மதிக்கப்பட்டமை, இது பிறப்பால் மட்டும் வரும் கலையன்று என்பதை நிறுவுகின்றது.

இயந்திரமும் எதிர்காலமும்

திரைப்படம் இக்கலைஞனைக் கதாநாயகனாக்கியது. 1968இல் வெளிவந்த தில்லானா மோகனாம்பாள் நாதஸ்வர வித்துவானின் தன்மானத்தையே கதையின் அச்சாகக் கொண்டது. எனினும் திரையில் அவனை மெச்சிய சமூகம் கோயிலில் அவனுக்கு உரிய சம்பளத்தை உறுதிசெய்ய முன்வரவில்லை. இன்று தமிழகத்திலும் ஈழத்திலும் பல கோயில்களில் மின்விசையால் இயங்கும் மணியும் முரசும் கொண்ட பொறி பூசைவேளையில் முழங்குகின்றது. கலையின்றி ஓசை போதும் என்னும் கெட்டிமேளத்தின் தருக்கம் அதன் இறுதி முடிவை எய்தியுள்ளது எனலாம். ஈழத்திலோ போர் இன்னுமொரு சிதைவை விளைத்தது. 1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் ஒரேயடியாக இடம்பெயர்ந்தபோது கோயில்களோடு மேளகாரரின் தொழிற்களமும் கைவிடப்பட்டது. புலம்பெயர்ந்த தமிழர் இலண்டனிலும் தொறன்ரோவிலும் எழுப்பிய கோயில்கள் சிலருக்குப் புதிய வாழ்வளித்தன.

பழைய நிலமானிய ஒழுங்கிற்குத் திரும்புதல் இயலாது; விரும்பத்தக்கதுமன்று. அவ்வொழுங்கு கலைஞனுக்குச் சோறிட்டுச் சுயமரியாதையைப் பறித்தது. சந்தையோ ஒரு சிலருக்குச் சுயமரியாதையை அளித்துப் பலரின் சோற்றை நிச்சயமற்றதாக்கியது. உழைப்புக்குரிய ஊதியமும் மனிதனுக்குரிய மதிப்பும் ஒருங்கே கிட்டும் ஒழுங்கு பற்றிய வினாவை இவ்வரலாறு எம்முன் வைக்கின்றது. கோயில் நிருவாகங்கள் மேளகாரருக்கு நிலையான மாதச் சம்பளமும் முதுமைக்கால உதவியும் வழங்குதல், ஒத்துக்காரருக்கும் தாளக்காரருக்கும் உரிய பங்கை வரையறுத்தல், எக்குலத்து மாணவருக்கும் மாணவியருக்கும் இக்கலையைப் பயிற்றுதல் ஆகியன இதற்கான முதற்படிகளாகும்.

ஆய்வாளருக்கும் ஒரு கடமை உண்டு. கோயிற் கணக்கேடுகள், திருவிழா விளம்பரங்கள், அச்சாரம் பற்றிய குறிப்புகள், முதிய கலைஞரின் வாய்மொழிகள் ஆகியவற்றை ஊர்தோறும் திரட்டுதல் வேண்டும். ஒரு தோடியின் வளர்ச்சியை விளக்க முனைவோர், அதனை வாசித்தவனுக்கு அன்றிரவு கிடைத்த கூலியையும் அதே பக்கத்திற் பதிவு செய்தல் வேண்டும். அப்பொழுதுதான் எமது இசை வரலாறு மனிதரின் வரலாறாகும்.