கேபிளுக்கு முன் இறக்கை: சிறுவிமானக் கட்டுப்பாட்டுச் சீரமைப்பின் வளர்ச்சி

பழைய சிறுவிமானம் ஒன்று இடப்பக்கமே சாய்ந்து பறக்கிறது என்று விமானி புகார் சொன்னால், மெக்கானிக்கின் கை நேரே எய்லரான் கேபிளுக்குப் போவதுண்டு. போகக் கூடாது. முதலில் பார்க்க வேண்டியது இறக்கை பொருத்தப்பட்டிருக்கும் கோணம். இந்த வரிசைமுறை வெறும் பட்டறை வழக்கம் அன்று, கட்டுப்பாட்டு அமைப்பு வளர்ந்த வரலாற்றின் விளைவு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ரைட் சகோதரர்களிடம் இறக்கையும் கட்டுப்பாட்டுக் கம்பியும் ஒன்றாகவே இருந்தன. விமானி குப்புறப் படுத்துத் தன் இடுப்பை நகர்த்த, கம்பிகள் இறக்கையையே முறுக்கின. 1902-ஆம் ஆண்டு கிளைடரில், முறுக்கிய இறக்கை ஒரு பக்கம் இழுபட்டு மூக்கு எதிர்த்திசையில் திரும்பியது. சுக்கான் அசையும்படி மாற்றப்பட்டு, முறுக்குக் கம்பிகளோடு இணைக்கப்பட்டது. 1906-இல் கிடைத்த காப்புரிமையின் உயிர்நாடியும் இந்த இணைப்பே. அந்த விமானத்தில் கம்பியின் இறுக்கம் மாறினால் இறக்கையின் வடிவமும் மாறும், கட்டுப்பாடும் மாறும்.

1908-இல் ஆன்றி ஃபார்மன் இறக்கையின் பின்விளிம்பில் தனி மடல்களைப் பொருத்தினார். எய்லரான் எனப்படும் இந்த மடல்கள் பரவியதும் இறக்கை விறைத்து நிற்கலாம் என்றாயிற்று. கோணத்தைத் தூக்குக்குண்டும் ரசமட்டமும் வைத்துப் பார்க்கும் வேலை ஒன்று, கட்டுப்பாட்டுக் கேபிளைச் சரிசெய்யும் வேலை இன்னொன்று எனப் பிரிந்தன. 1916-இல் ஹேண்ட்லி பேஜ் குண்டுவீச்சு விமானத்தின் வால் கடுமையாக அதிர்ந்தபோது பொறியாளர் லான்செஸ்டர் அதை ஆராய்ந்தார். இடது, வலது எலிவேட்டர்கள் தனித்தனிக் கேபிள்களில் ஓடியதால் ஒன்றுக்கொன்று எதிராக அசைந்தன. இரண்டையும் ஒரு குழாயால் இறுகப் பிணைப்பதே அவர் சொன்ன தீர்வு. கேபிளை எவ்வளவு முறுக்கினாலும் தீராத கோளாறுகள் உண்டு என்பதற்கு இது நல்ல சான்று.

1931-இல் பறந்த டைகர் மாத், இந்தியப் பறத்தல் கழகங்களுக்கும் பழக்கமான விமானம். இந்த வரலாற்றில் மிகச் சுவையான இடமும் அதுதான். எய்லரான்கள் கீழிறக்கையில் மட்டுமே உண்டு. இறக்கையின் அடித்துணியை ஒட்டி ஒரு வட்டத்தகடு இருக்கும். விமானியின் கட்டுப்பாட்டுத் தண்டிலிருந்து வரும் கேபிளும் சங்கிலியும் அதைச் சுழற்றும். எய்லரானைத் தள்ளும் கோல், தண்டு நடுநிலையில் இருக்கையில், தகட்டின் மையத்திலிருந்து முன்னும் வெளியுமாக 45 பாகையில் பொருந்தியிருக்கும். அதனால் ஒரு பக்க எய்லரான் நன்றாக மேலேறும். மறுபக்கத்தது கீழே இறங்குவதே அரிது. ரைட் சகோதரர்கள் சுக்கானை இணைத்துச் சமாளித்த மூக்குத் திருப்பத்தை, இங்கே ஒரு கோணம் குறைக்கிறது. தகட்டின் நடுநிலை தவறினால் அந்தக் கணக்கும் தவறும். கேபிள் மட்டும் சரியான இறுக்கத்தில் இருந்து பயனில்லை.

1938-இல் வந்த பைப்பர் ஜே-3 கப்பில், இறக்கையைத் தாங்கும் பின்தாங்கியின் கீழ்முனைக் கவையைத் திருகினால் இறக்கையின் முறுக்கு மாறும். பின்தாங்கி குறுகினால் பின்விளிம்பு கீழிழுபட்டு, அந்தப் பக்கத் தூக்குவிசை கூடும். சாய்வைத் தீர்க்க வேண்டிய இடம் இதுவே. எய்லரானை ஒரு பக்கம் இழுத்துக்கட்டிச் சாய்வை மறைப்பவர் நோயை விட்டுவிட்டு வலிமாத்திரை கொடுப்பவர்.

அலுமினிய உடல்கள் பரவியபோது புதிய சிக்கல் வந்தது. அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரியும். எனவே வெயிலில் எஃகுக் கேபிள் இறுகும், குளிரில் தளரும். பராமரிப்பு நூல்களில் வெப்பநிலைக்கேற்ற இறுக்க அட்டவணைகள் இடம்பெற்றன. விரலால் அழுத்திப் பார்த்த இடத்தில் இறுக்கமானி வந்தது. கேபிளை இறுக்கும் டர்ன்பக்கிள் மட்டும் மாறவில்லை. ஒருமுனையில் இடமரை, மறுமுனையில் வலமரை. சரிசெய்து முடித்தபின் உருளைக்கு வெளியே மூன்று மரைக்கு மேல் தெரியக்கூடாது. பூட்டுக்கம்பியும் சுற்றியிருக்க வேண்டும்.

அளவுகள் எல்லாம் சரியாயிருந்தும் திசை தவறலாம். 1947 ஆகஸ்டு 23 அன்று ஆவ்ரோ டூடர் 2 புறப்பட்டவுடன் விழுந்து நொறுங்கியதில், லங்காஸ்டர் விமானத்தை வடிவமைத்த ராய் சாட்விக் உயிரிழந்தார். எய்லரான் கேபிள்கள் மாற்றிப் பூட்டப்பட்டிருந்தன. தண்டை வலப்பக்கம் சாய்த்தால் வலது எய்லரான் மேலெழ வேண்டும். பிரிட்டிஷ் மரபைப் பின்பற்றும் பராமரிப்பு முறைகளில், வேலை செய்தவர் இதைப் பார்த்தால் மட்டும் போதாது. இரண்டாமவர் ஒருவரும் தனியே பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.