ஜான்ஸ்டன் தீவு வேதி ஆயுத எரிப்பு ஆலை

அமெரிக்க இராணுவம் பழைய வேதி ஆயுதங்களை முழு அளவில் எரித்து அழிக்கக் கட்டிய முதல் ஆலை, பசிபிக் பெருங்கடலிலுள்ள ஜான்ஸ்டன் பவளத்தீவில் 1990 முதல் 2000 வரை இயங்கியது.

பின்னணி

1960களின் இறுதியில், பயனற்ற நச்சு ஆயுதங்கள் பழைய கப்பல்களில் ஏற்றப்பட்டு, கப்பலோடு ஆழ்கடலில் மூழ்கடிக்கப்பட்டன. 1970 ஆகஸ்டில் நரம்பு நச்சு ராக்கெட்டுகளுடன் ஒரு கப்பல் புளோரிடாவுக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டபோது எதிர்ப்பு வலுத்தது. 1972ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறையைத் தடை செய்தது. கிடங்குகளில் ஆயுதங்கள் பழையதாகிக் கசியத் தொடங்கின. அவற்றை அழிக்குமாறு 1985இல் அமெரிக்க நாடாளுமன்றம் உத்தரவிட்டது.

ஜான்ஸ்டன் தீவுக்கு 1971இல் ஓகினாவாவிலிருந்தும் 1990இல் ஜெர்மனியிலிருந்தும் வேதி ஆயுதங்கள் கொண்டுவரப்பட்டன.

எரிக்கும் முறை

ஆயுதங்களை முதலில் இயந்திரங்கள் பிரித்தன. நச்சுத் திரவம், வெடிமருந்து, உலோக உறை ஆகியவை தனித்தனி உலைகளுக்குச் சென்றன. உயர் வெப்பம் நச்சு மூலக்கூறைச் சிதைக்கும். ஆனால் அதிலுள்ள தனிமங்கள் மறைவதில்லை. சாரின் எரியும்போது ஹைட்ரஜன் புளோரைடும் பாஸ்பரஸ் ஆக்சைடுகளும் உண்டாகின்றன. கடுகு வாயு எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடும் கந்தக டை ஆக்சைடும் உண்டாகின்றன.

புகைக் கட்டுப்பாடு

எனவே உலைப்புகை மீண்டும் ஒருமுறை எரிக்கப்பட்டு, நீர் தெளித்துக் குளிர்விக்கப்பட்டு, எரிசோடாக் கரைசலால் கழுவப்பட்டது. அமிலங்கள் உப்புகளாக மாறின. புகைபோக்கியில் நச்சு தென்படுகிறதா எனக் கருவிகள் தொடர்ந்து கண்காணித்தன. சோதனை எரிப்புகளில் 99.9999 விழுக்காட்டுக்கும் அதிகமான நச்சு அழிந்தது. அதாவது 10 லட்சம் பங்கில் ஒரு பங்குகூட எஞ்சவில்லை.

எதிர்ப்பும் விளைவும்

தீவில் குடிமக்கள் இல்லை. எனினும் காற்றும் கடலும் மாசுபடும் என்று பசிபிக் தீவு நாடுகள் எதிர்த்தன. 1990 அக்டோபரில் ஹொனலுலுவில் அவற்றின் தலைவர்களைச் சந்தித்த அதிபர் ஜார்ஜ் புஷ், இருப்பு அழிந்ததும் ஆலை மூடப்படும் என உறுதியளித்தார். 4 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆயுதங்கள் அழிந்தபின் அது மூடப்பட்டது.

அமெரிக்க நிலப்பரப்பில் ஆலைகளுக்கு அருகிலேயே ஊர்கள் இருந்தன. யூட்டாவின் டூயெல் ஆலையில் 2000 மே மாதம் சிறிதளவு சாரின் புகைபோக்கி வழியே வெளியேறியதால் பணி நிறுத்தப்பட்டது. அலபாமா, ஓரிகன், ஆர்கன்சா ஆலைகளில் கழுவிய புகை கரி வடிகட்டிகளின் வழியாகவும் செலுத்தப்பட்டது.

கென்டக்கி, கொலராடோ மக்கள் எரிப்பையே ஏற்கவில்லை. அங்கு பெரும்பாலான நச்சு, வேதிவினை மூலம் செயலிழக்கச் செய்யப்பட்டது. 2023 ஜூலையில் கென்டக்கியில் கடைசி ராக்கெட்டும் அழிக்கப்பட்டு, அமெரிக்கா அறிவித்திருந்த இருப்பு முழுவதும் முடிவுக்கு வந்தது.