பொதுவெளியில் கிடந்த கணக்கேடு: பிட்காயின் பதிவுகளை நிரல்கள் வாசித்த வரலாறு

பிட்காயினின் கணக்கேடு தொடக்கம் முதலே எவரும் எடுத்துப் பார்க்கக்கூடியதாக இருந்தது. எடுத்துப் பார்த்தவர்க்கெல்லாம் விளங்குவதாக இருக்கவில்லை. சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயருக்குரியவர் 2009 ஜனவரி 3 எனத் தேதியிட்டு உருவாக்கிய முதல் தொகுதியில், லண்டன் ‘தி டைம்ஸ்’ நாளிதழின் அன்றைய தலைப்புச் செய்தி ஒன்று பொதிந்து வைக்கப்பட்டிருந்தது. அத்தொகுதியில் மனிதர் நேரடியாகப் படிக்கத்தக்க வாசகம் அது ஒன்றே. எஞ்சியவை கணினிக்காக அடுக்கப்பட்ட பைட்டுகள். தொகுதி என்பது ஏறத்தாழ பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை பரிவர்த்தனைகளை ஒன்றாகக் கட்டி, முந்தைய கட்டுடன் பிணைக்கும் பதிவாகும். இப்பிணைப்பின் தொடரே பிளாக்செயின் எனப்படுகிறது.

முழுப் பிரதியைச் சேமிக்கும் கணினியில் இத்தொகுதிகள் வரிசை எண்ணிட்ட கோப்புகளில் கிடக்கின்றன. ஒவ்வொரு தொகுதிக்கும் முன்னால் அதன் தொடக்கத்தைக் காட்டும் நான்கு பைட் அடையாளமும், நீளத்தைக் குறிக்கும் நான்கு பைட்டுகளும் நிற்க, அவற்றைத் தொடரும் 80 பைட் முகப்பில் முந்தைய தொகுதியின் ஹாஷ், அதாவது அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்பட்ட கைரேகை போன்ற எண், நேரம் முதலியன இடம்பெறுகின்றன. தொகைகள் பிட்காயினின் பத்துக்கோடியில் ஒரு பங்கான சதோஷி என்ற அலகில், கடைசி பைட்டிலிருந்து முதல் பைட்டுக்குச் செல்லும் தலைகீழ் வரிசையில் எழுதப்படுகின்றன. ஆயினும் வாசிப்பவரை உண்மையில் தடுமாறச் செய்வது பைட்டுகளின் வரிசையன்று. இன்னாரிடம் இவ்வளவு இருக்கிறது என்ற இருப்புத் தொகை அக்கோப்புகளில் எங்குமே எழுதப்படவில்லை என்பதுதான் அது. ஒரு பரிவர்த்தனையின் உள்ளீடு, முன்னொரு பரிவர்த்தனையின் வெளியீட்டைச் சுட்டுகிறது. அந்த வெளியீடு முழுமையாகச் செலவாகி, மீதித் தொகை புதிய வெளியீடாகச் செலுத்தியவருக்கே திரும்புகிறது. ஆகவே ஒரு முகவரியின், அதாவது பணம் பெறுவதற்கான அடையாளத்தின், இருப்பை அறிய, நிரல் முதல் தொகுதியிலிருந்து ஒவ்வொரு வெளியீடும் பிறந்ததையும் செலவானதையும் கணக்கிட்டு வர வேண்டும். பரிவர்த்தனையின் அடையாள எண் மீண்டும் வராது என்று நம்பிய நிரல்களும் பிழைபட்டன. 2010-இல் 91,722, 91,880 ஆகிய தொகுதிகளில் ஒரே அடையாள எண்ணும், 91,812, 91,842 ஆகியவற்றில் வேறோர் எண்ணும் இருமுறை பதிவாயின.

தொகுதிகளை உலாவியில் காட்டும் தளங்கள் 2010-இன் இறுதியிலிருந்து தோன்றின. அவை பதிவுகளைப் புரட்டிக் காட்டின. பதிவுகளுக்குப் பின்னால் இருப்பவர் யார் என்ற கேள்வியைத் தொடவில்லை. அக்கேள்வியை 2011-இல் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்களான ரீடும் ஹாரிகனும் கையிலெடுத்தனர். ஒரே பரிவர்த்தனையில் பல முகவரிகளின் தொகைகள் உள்ளீடாகச் சேர்ந்தால், அவற்றின் இரகசியச் சாவிகள் எல்லாம் ஒருவரிடமே இருந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் பயன்படுத்திய விதி. முகவரிகள் இவ்வாறு இணைக்கப்படக்கூடும் என்பதைச் சதோஷியே பிட்காயினை முன்வைத்த தம் 2008-ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஒப்புக்கொண்டிருந்தார் என்பதால், பிட்காயின் அடையாளத்தை முற்றாக மறைக்கும் என்று அக்காலத்தில் பரவிய நம்பிக்கை, கட்டுரையைச் சரிவரப் படிக்காததால் எழுந்ததே எனலாம்.

இவ்வரலாற்றில் மிகுந்த மதிப்புக்குரியது, 2013-இல் சாரா மெய்க்லிஜான் தலைமையில் சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்து நடந்த ஆய்வாகும். அவர்கள் மீதித் தொகை பற்றிய இரண்டாம் விதியொன்றை வகுத்தனர்: ஒரு பரிவர்த்தனையின் வெளியீடுகளுள் ஒரு முகவரி மட்டும் பிளாக்செயினில் முதன்முறையாகத் தோன்றுமானால், அது செலுத்தியவரின் மென்பொருள் மீதிக்காக உருவாக்கிய முகவரி என்று கொள்ளலாம். இவ்விதியைக் கவனமின்றிப் பயன்படுத்தியபோது, ஒன்றோடொன்று தொடர்பில்லாத மவுண்ட் காக்ஸ் பரிமாற்றகமும் சில்க் ரோடு கள்ளச்சந்தையும் ஒரே உரிமையாளருடையவை எனக் காட்டும் முகவரிகளின் மாபெரும் திரள் உருவானது. அம்முடிவு தவறென்று கண்டு விதியை இறுக்கினர். அது தவறென்று அவர்களால் அறிய முடிந்ததற்குக் காரணம், பரிமாற்றகங்கள், பணப்பைச் சேவைகள், விற்பனையாளர்கள், சூதாட்டத் தளங்கள் எனப் பலவற்றுடன் தாமே 344 பரிவர்த்தனைகள் செய்து, எந்த முகவரி யாருடையது என்பதற்கு நேரடிச் சான்று திரட்டி வைத்திருந்ததே. நிரலின் ஊகத்தை வெளியுலகச் சான்றால் உரைத்துப் பார்த்த இந்த உழைப்பே, பைட்டு வாசிப்பை ஆய்வுத்துறையாக உயர்த்தியது.

அதன்பின் இவ்வாசிப்பு நீதிமன்றங்களுக்குச் சென்றது. சில்க் ரோடு வழக்கை விசாரித்த அமெரிக்க அரசு அதிகாரிகள் இருவரே பிட்காயின்களைக் கையாடியதாக 2015-இல் குற்றஞ்சாட்டப்பட்டபோது, பணம் சென்ற தடம் பிளாக்செயினிலேயே பதிவாகியிருந்தது. மறுபுறம், கிரிகரி மேக்ஸ்வெல் 2013-இல் முன்மொழிந்த காயின்ஜாயின் முறை பலருடைய உள்ளீடுகளை ஒரே பரிவர்த்தனையில் கலந்து, டப்ளின் விதியின் அடிப்படையையே அசைத்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற அரவிந்த் நாராயணன் உள்ளிட்ட பிரின்ஸ்டன் குழுவினர் 2017-இல் வெளியிட்ட பிளாக்சை என்ற கருவி, பரிவர்த்தனைத் தொடரை நினைவகத்திலேயே ஏற்றிப் பகுத்தாய்ந்ததோடு, காயின்ஜாயின் போலத் தோன்றுபவற்றை இனங்காணவும் வழி செய்தது.

ஊகம் கலவாத அடித்தளமென்று கருதப்பட்ட பைட்டு அடுக்கும் மாறாமல் நிற்கவில்லை. பிளாக்செயினில் எவரோ பதித்த பைட்டுகளை வைரஸ் எதிர்ப்பு மென்பொருள்கள் தீங்கானவை எனத் தவறாகக் கருதிக் கோப்புகளைச் சிதைக்காதிருக்க, 2024-இல் வெளிவந்த பிட்காயின் கோர் மென்பொருளின் 28-ஆம் பதிப்பு, புதிதாக அமைக்கப்படும் சேமிப்புகளில் தொகுதிக் கோப்புகளை எட்டு பைட் சாவியொன்றால் உருமாற்றி எழுதத் தொடங்கியது. பழைய அடையாளத்தைத் தேடி அவற்றைத் திறக்கும் நிரல், அருகிலேயே தனிக் கோப்பில் வைக்கப்பட்டுள்ள அச்சாவியை முதலில் படித்தாக வேண்டும்.