பின்லாந்தின் ரில்லுமரெய்த் திரைப்படங்கள்: ஒரு பண்பாட்டு அரசியல் மறுமதிப்பீடு

முன்னுரை

1950களில் பின்லாந்து மக்கள் திரளாகக் கண்டு களித்த நகைச்சுவைப் பாடற் படங்கள் திறனாய்வாளரால் 'ரில்லுமரெய்' என இகழப்பட்டன. பொருளற்ற இவ்வொலிச்சொல், யோர்மா நோர்ட்டிமோ இயக்கிய 'ரோவனியெமிச் சந்தையில்' (1951) என்னும் படத்தின் பாடல்வழிப் பரவிப் பின்னர் மலிவான கலையைச் சுட்டும் வசைச்சொல்லாயிற்று. இவ்விகழ்ச்சியின் அரசியற் பின்புலத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

காலப் பின்னணி

1944 செப்டம்பரில் சோவியத் ஒன்றியத்துடன் போர்நிறுத்தம் செய்துகொண்ட பின்லாந்து, 30 கோடி டாலர் மதிப்புள்ள பொருள்களை இழப்பீடாக வழங்க நேர்ந்தது. 1952இல்தான் அக்கடன் தீர்ந்தது. கரேலியாவிலிருந்து இடம்பெயர்ந்த 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மீள்குடியமர்த்தப்பட்டனர். பின்வாங்கிய ஜெர்மானியப் படையால் ரோவனியெமி நகரம் 1944இல் பெரும்பாலும் அழிந்தது. உழைப்பும் சிக்கனமும் நாட்டுக் கடமைகளாக வலியுறுத்தப்பட்ட அக்காலத்தில், அதே ரோவனியெமியைப் பொன் தேடும் நாடோடிகளின் களிப்பிடமாக இப்படம் காட்டியது நோக்கத்தக்கது.

திறனாய்வாளரின் அளவுகோல்

பொறுமையும் இறைப்பற்றும் மிக்க ஏழை உழவனே 19ஆம் நூற்றாண்டுத் தேசியம் போற்றிய குடிமகன். ரூனபெரி, தொபேலியுஸ் ஆகியோரின் எழுத்துகள் இவ்வுருவை நிலைபெறச் செய்தன. மக்களை உயர்த்துவதே கலையின் பணி என்பது கற்றோர் கொள்கை. திரைப்பட வரிகூடப் படத்தின் தரமதிப்பீட்டுக்கேற்ப வேறுபட்டது. ரெய்னோ ஹெலிஸ்மாவின் எழுத்தும் எசா பகரினெனின் நடிப்பும் படைத்த வட்டார வழக்குப் பேசும் நாட்டுப்புறத்தானோ இவ்வளவுகோலுக்குள் அடங்கவில்லை. அவன் திருந்தவுமில்லை, திருந்த வேண்டுமென்று எண்ணவுமில்லை. பெரிய மனிதரின் உபதேசத்தை நகைத்துத் தள்ளினான். எனவே, தரம் பற்றிய அவ்விவாதத்துள் 'மக்கள் சார்பாகப் பேசும் உரிமை யாருக்கு?' என்னும் வினாவும் அடங்கியிருந்தது எனலாம்.

பெக்கா பூபா படவரிசை

1953 முதல் 1960 வரை வெளிவந்த 13 பெக்கா பூபா படங்களும் இவ்வாறே புறந்தள்ளப்பட்டன. இவற்றின் மூலம் ஓலா ஃபோகெல்பெரி 1925இல் தொடங்கிய சித்திரத்தொடராகும். தொழிலாளர் சார்புடைய கூட்டுறவு இயக்கத்தின் இதழில் அது வெளிவந்தது. வெறும் கோமாளித்தனம் எனக் கருதப்பட்ட பாத்திரத்தின் வேர் தொழிலாளர் பண்பாட்டில் இருந்தமை கருதத்தக்கது.

மறுமதிப்பீட்டின் எல்லை

எனினும் இப்படங்களைப் புரட்சிப் படைப்புகளாகக் கொள்ளுதல் பொருந்தாது. அவை வணிக நோக்கில் உருவானவை. அதிகாரத்தை நகைத்த இப்படங்களே, பெக்காவின் மனைவி யூஸ்தீனாவை அடக்கியாளும் பெண்ணாகக் காட்டி ஆண்களின் சிரிப்புக்குப் பொருளாக்கின.

முடிவுரை

மத்தி பெல்தோனென் பதிப்பித்த 'ரில்லுமரெயும் அறிவொளியும்' (1996) என்னும் தொகுதி இப்பூசலை வரலாற்றாய்வுக்குரிய பொருளாக்கியது. ஒரு படத்தின் கலைக்குறைகளை ஏற்றுக்கொண்டே அதன் வரலாற்றுப் பெறுமதியை உணர இயலும் என்பதே இதனால் பெறப்படும். போரும் கடனும் சுமந்த மக்கள் எதைக் கண்டு சிரித்தனர் என்பதற்கு இப்படங்கள் சான்றாகின்றன. அச்சிரிப்பைக் கண்டு யார் அஞ்சினர் என்பதற்கு அக்காலத் திறனாய்வுகளே சான்று.