மருத்துவர் தொடர்கல்வியில் நேர்ச்சந்திப்பு முறை

மருத்துவரை அவரது பணியிடத்திலேயே சந்தித்து, குறிப்பிட்ட ஒரு சிகிச்சைப் பழக்கத்தை ஆய்வுச் சான்றுகளுடன் பேசி மாற்ற முயலும் முறை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவானது. இதன் உத்திகள் மருத்துவக் கல்லூரிகளில் பிறந்தவை அல்ல. மருந்து கம்பெனிகளின் விற்பனைப் பிரதிநிதிகளிடமிருந்து எடுத்துக்கொண்டவை.

அதற்கு முன்பே தொடர்கல்வியை மணிக்கணக்கில் அளக்கும் வழக்கம் வந்துவிட்டது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1968இல் தொடர்கல்விக்கென ஒரு விருதை ஏற்படுத்தியது. நியூ மெக்சிகோ 1971இல் தொடர்கல்வியைக் கட்டாயமாக்கிய முதல் மாநிலமானது. அரங்கில் உட்கார்ந்த நேரம் கணக்கில் ஏறியது. மருந்துச்சீட்டு மாறியதா என்பது ஏறவில்லை.

கனடாவின் ஒன்டாரியோவில் 16 குடும்ப மருத்துவர்களிடம் நடந்த தொடர்கல்விச் சோதனை 1982இல் வெளியானது. பாடம் படித்தவர்களின் அறிவு கூடியது. சிகிச்சையின் தரம் மொத்தத்தில் அவ்வளவாக மாறவில்லை. அவர்கள் விரும்பிக் கேட்ட தலைப்புகளில் படித்தவருக்கும் படிக்காதவருக்கும் வேறுபாடே இல்லை. வேண்டாவெறுப்பாகப் படித்தவற்றில்தான் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது!

மறு ஆண்டே ஆய்வாளர்கள் ஜெரி ஏவர்ன், ஸ்டீபன் சௌமெராய் இருவரும் அமெரிக்காவின் நான்கு மாநிலங்களில் நேர்ச்சந்திப்பு முறையை வைத்து 435 மருத்துவர்களிடம் நடத்திய சோதனையின் முடிவு வந்தது. புரோபாக்சிஃபீன் வலிநிவாரணி, செஃபலெக்சின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, மூளைக்கும் கைகால்களுக்கும் இரத்த ஓட்டத்தைக் கூட்டுவதாகச் சொல்லப்பட்ட மருந்துகள் ஆகியவற்றைத் தேவையின்றி எழுதுவதைக் குறைப்பது நோக்கம். ஒரு பிரிவினருக்கு அச்சிட்ட தாள்கள் மட்டும் தபாலில் போயின; பயனில்லை. இன்னொரு பிரிவினரைப் பயிற்சி பெற்ற மருந்தாளுநர்கள் நேரிலும் சென்று பார்த்தார்கள். அந்த மருந்துகளை எழுதுவது 14 சதவீதம் குறைந்தது.

இப்படிச் சந்திக்க வருபவர் விரிவுரை ஆற்றுவதில்லை. அந்த மருந்தை ஏன் எழுதுகிறீர்கள் என்று முதலில் கேட்கிறார். நோயாளியே கேட்டு வாங்குகிறார் என்பது பதிலாக இருந்தால், மருந்தியல் பாடம் அங்கே எடுபடாது. நோயாளியிடம் எப்படிச் சொல்வது என்பதே பேச்சாக வேண்டும். இரு தரப்பு வாதங்களையும் மறைக்காமல் வைத்து, ஓரிரு செய்திகளையே திரும்பத் திரும்பச் சொல்லி, பிறகு மறுபடியும் வருகிறார். விற்க எதுவும் இல்லை என்பது ஒன்றே பிரதிநிதியிடமிருந்து அவரைப் பிரிக்கிறது.

69 ஆய்வுகளைத் தொகுத்த 2007ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, மருந்து எழுதும் பழக்கத்தில் இடைநிலை முன்னேற்றம் 4.8 சதவீதப் புள்ளிகள் என்றது. சிறிய எண்தான், ஆனால் ஆய்வுக்கு ஆய்வு பெரிதாக மாறாத எண். தொடர்கல்வி விதிகளிலோ மணிக்கணக்கு நீடித்தது: இந்தியாவில் 2002இன் மருத்துவ நெறிமுறை விதிகளும் ஐந்தாண்டுக்கு 30 மணிநேரத் தொடர்கல்வி என்று மணிக்கணக்கையே கொண்டன.

சந்திக்கப் போகிறவருக்குச் சம்பளம் யார் தருவது என்பது இம்முறையின் தீராத சிக்கல். பிரதிநிதிக்குக் கம்பெனி தருகிறது. ஆஸ்திரேலியாவில் 1998இல் தொடங்கிய தேசிய மருந்துப் பரிந்துரைச் சேவை அரசுப் பணத்தில் இந்தச் சந்திப்புகளை நாடெங்கும் நடத்தியது. அரசு நிதி வேறு அமைப்புக்குத் திருப்பப்பட, 2022 இறுதியில் அது மூடப்பட்டது.