குதிகாலும் பய்யோலி எக்ஸ்பிரஸும்

லோதி ரோடு பக்கம் போகும்போதெல்லாம் ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்தை ஒரு பெருமூச்சோடு பார்ப்பது வழக்கமாகிவிட்டது. 2005-ல் தொடங்கிய தில்லி ஹாஃப் மாரத்தான் கிளம்பிய இடம் அது. இந்த வருஷம் ஓடலாம் என்றிருந்தேன். குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநார் பிடித்துக்கொண்டது. மூணு வாரம் ரெஸ்ட் எடுத்துவிட்டு, சரியாகிவிட்டது என்று நானே முடிவு செய்து ஓடி, இன்னும் கெடுத்துக்கொண்டது தனிக்கதை. விடுங்கள். சும்மா உட்கார்ந்திருந்த நாட்களில் இன்னொரு குதிகாலைப் பற்றிப் படித்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

பி.டி. உஷா என்றதும் நம்மில் எல்லோரும் சொல்வது 1984 லாஸ் ஏஞ்சலஸ். 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 55.42 செகண்ட். வெண்கலம் வாங்கிய ருமேனியாக்காரிக்கு 55.41. அந்த நூறில் ஒரு பங்கை நாற்பது வருஷமாகப் பேசித் தீர்த்துவிட்டோம். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் 4 தங்கம் வாங்கியதும் ஓரளவு ஞாபகம் இருக்கும். அதே சியோலில் 1988 ஒலிம்பிக்ஸுக்குக் குதிகால் காயத்தோடு போய், தடை ஓட்டத்தில் ஹீட்ஸிலேயே வெளியேறினார். கோடிக்கணக்கான பேர் பதக்கம் எதிர்பார்த்த பெண். ஊர் சும்மா இருக்குமா? கதை முடிந்தது என்றார்கள். அப்போது அவருக்கு வயது 24.

அந்தப் பந்தயம் குதிகாலுக்கு என்ன செய்யும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மெதுவாக ஓடினாலே ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரம் காலில் இறங்கும். தடை ஓட்டத்தில் இரண்டரை அடி உயரத் தடைகள் பத்து. பத்து தடவை தாவி, பத்து தடவையும் ஒற்றைக் காலில் இறங்கி, நிற்காமல் ஓட வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஓட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பும்போது மூச்சு சில வாரங்களில் பழைய நிலைக்கு வந்துவிடும். தசைநாருக்கு ரத்த ஓட்டம் குறைவு என்பதால் அது மாதக்கணக்கில் இழுக்கும். மூச்சு வந்துவிட்டதே என்று நம்பி ஓடுகிறவர்கள்தான் மறுபடி மாட்டிக்கொள்வது. (அடியேன் உட்பட.)

உஷா திரும்பி வந்தது இதே லோதி ரோடு மைதானத்துக்கு! 1989 நவம்பரில் ஆசிய தடகளப் போட்டி இங்கே நடந்தது. ஒலிம்பிக்ஸ் முடிந்து சுமார் 14 மாதம். 200 மீட்டர், 400 மீட்டர், 400 மீட்டர் தடை ஓட்டம், 4x400 தொடர் ஓட்டம் எல்லாவற்றிலும் தங்கம். 100 மீட்டரிலும் 4x100-லும் வெள்ளி. ஒரே போட்டியில் ஆறு பதக்கம். 1982 ஏஷியாடில் இதே மைதானத்தில் 100, 200 இரண்டிலும் வெள்ளியோடு போனவர் அவர். அந்த ஏஷியாடைப் பற்றிக் கேட்டால் அப்பு யானையையும் கலர் டிவியையும் சொல்லும் நமக்கு 1989 சுத்தமாக ஞாபகம் இல்லை. தோற்றதை நினைவு வைத்துக்கொள்வதில் நாம் கில்லாடிகள். பய்யோலிக் கடற்கரை மணலில் அவரை ஓட வைத்த கோச் நம்பியாரின் பங்கையும் அப்படித்தான் மறந்துவிட்டோம்.

மறு வருஷம் பெய்ஜிங்கில் 3 வெள்ளி, பிறகு ஓய்வு. கல்யாணம், குழந்தை. அத்தோடு முடியவில்லை. 1998-ல், 34 வயதில், ஜப்பானின் ஃபுகுவோகா ஆசியப் போட்டிக்கு வந்து 200-லும் 400-லும் வெண்கலம் வாங்கினார்.

அதே 1998-ல் சுவீடனில் ஆல்ஃபிரட்சன் என்ற எலும்பு மருத்துவர் ஓர் ஆய்வை வெளியிட்டார். குதிகால் தசைநார் கெட்டுப்போய் ஓட்டத்தை விட்ட 15 பேர். படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தில் நின்று குதிகாலை மெல்லக் கீழே இறக்க வேண்டும், தினம் 180 தடவை, 12 வாரம். வலித்தாலும் தொடர வேண்டும். பதினைந்து பேரும் பழையபடி ஓடினார்கள். ரெஸ்ட் எடு, இல்லாவிட்டால் ஆபரேஷன் என்றிருந்த காலத்தில் பெரிய திருப்பம் இது. 1988-ல் உஷாவுக்கு இந்த வித்தையைச் சொல்ல ஆள் இல்லை.

எனக்கு அதே 180-ஐத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மாடிப்படியில் நான் செய்வதைப் பார்த்து, எதிர்வீட்டு ஆன்ட்டி பூஜையா என்று கேட்டார். இன்றோடு 41 நாள். இன்னும் 43.