மருத்துவமனைத் தரவுவழிப் பெருந்தொற்றுக் கண்காணிப்பு

மருத்துவமனையில் சேர்வோர், தேறிச் செல்வோர், இறப்போர், காலிப் படுக்கைகள் ஆகியவற்றின் பதிவுகளைத் திரட்டி, ஒரு தொற்று எந்தப் பக்கம் பரவுகிறது என்று அறிவதும் அதற்கேற்ப ஆளையும் மருந்தையும் இடத்தையும் ஒதுக்குவதும் இம்முறையின் நோக்கம். பழைய கொள்ளைநோய்க் கணக்குகளில் மருத்துவமனைக்கு இடமில்லை. 17ஆம் நூற்றாண்டு லண்டனின் வாராந்தர இறப்புப் பட்டியல்களும், அவற்றை வைத்து ஜான் கிரான்ட் 1662இல் வெளியிட்ட நூலும் தேவாலயப் பங்குகள் தோறும் எண்ணப்பட்ட சாவுகளை நம்பியவை.

கிரிமியப் போர்தான் மருத்துவமனைப் பதிவேட்டின் மீது கவனத்தைத் திருப்பியது. 1854 நவம்பரில் ஸ்குட்டாரி படை மருத்துவமனைக்கு வந்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல், இறந்தோருக்கு மூன்று தனித்தனிக் கணக்குகள் இருந்ததையும் மூன்றும் மூன்று தொகை காட்டியதையும் பதிவு செய்திருக்கிறார். நாடு திரும்பிய பின், பிறப்பு இறப்புப் பதிவுத் துறையின் புள்ளியியலாளர் வில்லியம் பார் அவருக்குத் துணை நின்றார்.

1860இல் லண்டனில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியல் மாநாட்டில், எல்லா மருத்துவமனைகளுக்கும் பொதுவான படிவம் ஒன்றை நைட்டிங்கேல் முன்வைத்தார். ஆண்டின் முதல் நாளில் உள்ளே இருந்தவர்கள், ஆண்டில் சேர்ந்தவர்கள், தேறியவர்கள், இறந்தவர்கள், கடைசி நாளில் மிஞ்சியவர்கள், ஒரு நோயாளி சராசரியாகத் தங்கிய நாள்கள் ஆகிய அனைத்தும் நோய், வயது, பால் வாரியாகக் கேட்கப்பட்டன. குணமாகாமல் வெளியேறியவர்களுக்கும் ஓரிடம் உண்டு. தாமாகக் கேட்டுக்கொண்டு போனவர்களும், ஒழுங்கு மீறியதற்காக அனுப்பப்பட்டவர்களும் அதில் அடக்கம். வார்டில் சண்டை போட்டவரைக்கூட விட்டுவிடாத இந்தக் கறார் பிற்காலப் படிவங்கள் பலவற்றில் இல்லை. மாநாடு திட்டத்தை ஏற்றது. லண்டனின் பெரிய மருத்துவமனைகள் சில நிரப்பியும் பார்த்தன. வேலைப்பளு, செலவு, நோய்களை வகைப்படுத்துவதில் கருத்து வேறுபாடு எல்லாம் சேர்ந்து சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது.

அதே காலத்தில் எழுந்த இன்னொரு சர்ச்சை இத்துறையின் தீராத சிக்கலை அப்போதே காட்டிவிட்டது. மருத்துவமனைகள் பற்றிய நைட்டிங்கேலின் நூலின் 1863ஆம் ஆண்டுப் பதிப்பில், 24 லண்டன் மருத்துவமனைகளின் இறப்பு வீதம் 90.84 விழுக்காடு என்று அச்சானது. 1861ஆம் ஆண்டு முழுவதும் நேர்ந்த சாவுகளை, அவ்வாண்டு ஏப்ரல் 8 அன்று படுக்கையில் இருந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பெற்ற விடை அது. ஆண்டு முழுவதும் சேர்ந்தவர்களால் வகுத்திருந்தால் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் வந்திருக்கும். ஜான் பிரிஸ்டோ, திமோத்தி ஹோம்ஸ் முதலிய மருத்துவர்கள் கடுமையாக எதிர்த்தனர். கணக்கு வில்லியம் பாருடையது. அது வெறும் பிழையா, ஓராண்டில் ஒரு படுக்கைக்கு எத்தனை சாவு என்று பார்க்கும் வேறு அளவா என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. செத்தவரை எண்ணுவது எளிது. எதனால் வகுப்பது என்பதில்தான் வழக்கு.

1918 இன்ஃபுளூயன்சாவில் மருத்துவமனைக் கணக்குகள் பெரிதாக உதவவில்லை. உறுதியான கணக்கு இல்லாததால், இந்தியாவில் மாண்டவர்கள் ஒரு கோடியே இருபது லட்சத்திலிருந்து ஒரு கோடியே எண்பது லட்சம் வரை எனப் பலவாறு மதிப்பிடப்படுகின்றனர்.

இந்தியாவில் குறிப்பிடத்தக்க முயற்சி வேலூரில் நடந்தது. கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் அறிஞர் டி. ஜேக்கப் ஜான் 1980களில் வட ஆற்காடு மாவட்டத்தில் ஒரு கண்காணிப்பு வலையை அமைத்தார். அரசு மருத்துவமனைகளோடு தனியார் மருத்துவமனைகளும் கிளினிக்குகளும் அதில் சேர்க்கப்பட்டன. கருவி, அஞ்சலட்டை. குறிப்பிட்ட நோயுடன் ஒருவர் வந்தால் மருத்துவர் அட்டையை நிரப்பித் தபாலில் போட்டுவிட வேண்டும். தொகுத்த விவரம் மாத இதழாக அவருக்கே திரும்பி வரும். அனுப்பியது எங்கே போனது என்று தெரிந்ததால்தான் தனியார் மருத்துவர்கள் தொடர்ந்து எழுதினார்கள் போலும். சுமார் 50 லட்சம் மக்களைக் கொண்ட பரப்பில் ஆண்டுச் செலவு தலைக்கு ஒரு அமெரிக்க சென்டுக்கும் குறைவு என்று 1998இல் லான்செட் இதழில் வந்த கட்டுரை தெரிவிக்கிறது. 1999இல் கேரளத்தின் கோட்டயமும் இம்முறையை மேற்கொண்டது. 2004இல் தொடங்கிய மத்திய அரசின் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் எஸ், பி, எல் என்ற மூன்று படிவங்களைக் கொண்டுவந்தது, மருத்துவமனைக்குரியது பி.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின், நோய்க்கிருமித் தாக்குதலும் நேரலாம் என்ற அச்சத்தில், நியூயார்க் நகரம் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவோர் சொல்லும் உபாதைகளை அன்றாடம் அலசத் தொடங்கியது.

கொரோனா காலத்தில் தரவு குவிந்தது, தகராறும் குவிந்தது. அமெரிக்காவில் 2020 ஜூலை 15 முதல் மருத்துவமனைகள் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அமைப்பை விட்டு, சுகாதாரத் துறையின் புதிய அமைப்புக்கு விவரம் அனுப்ப வேண்டும் என்று சில நாள் அவகாசத்தில் உத்தரவானது. அவ்வாண்டு டிசம்பரில் மருத்துவமனை வாரியான கணக்கு பொதுவெளிக்கு வந்தது. நோயாளியின் அடையாளம் வெளிப்படாதிருக்க, நான்குக்குக் குறைவான எண்ணிக்கை இருந்த கட்டங்களில் கழித்தல் 9,99,999 என்று போட்டிருந்தார்கள். படுக்கை என்றாலும், பார்த்துக்கொள்ள ஆள் உள்ள படுக்கையே கணக்கில் சேரும் என்று வரையறுக்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில், மார்ச் 1 முதல் ஜூன் 10 வரையிலான சென்னை இறப்புகளை மறுபடி ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, விடுபட்டிருந்த 444 இறப்புகள் 2020 ஜூலை 22 அன்று மாநிலக் கணக்கில் சேர்க்கப்பட்டன.

ஒமைக்ரான் அலையில், கொரோனாவுக்காகச் சேர்ந்தவர் யார், வேறு காரணத்துக்காகச் சேர்ந்து பரிசோதனையில் தொற்று தெரியவந்தவர் யார் என்ற கேள்வி எழுந்தது. 2022 ஜனவரியில் நியூயார்க் மாநிலம் இவ்விரு வகையையும் பிரித்துக் கேட்டபோது, பின்னவர் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு. இப்பிரிவினை எவ்வளவு துல்லியமானது என்பதில் ஒருமித்த கருத்தில்லை. ஏற்கெனவே உள்ள நோயைத் தொற்று முற்றச் செய்திருந்தால் அவரை எந்தப் பக்கம் எழுதுவது என்று மருத்துவர்கள் கேட்டனர்.

அமெரிக்க மருத்துவமனைகளுக்கான கட்டாய அறிக்கை 2024 ஏப்ரல் இறுதியுடன் நின்றது. கொரோனா, இன்ஃபுளூயன்சா, ஆர்எஸ்வி என்ற சுவாச வைரஸ் ஆகிய மூன்றுக்கும் வாரம் ஒருமுறை என்ற அளவில் அதே ஆண்டு நவம்பர் 1 முதல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது.